எத்தனை அடைப்பு?

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர், அதாவது இதயத்தைத் தட்டித் துடிக்க வைக்கிற சின்ன மின் கருவி, வைத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்றும் சொந்தக்காரர் யாராவது வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை அடைப்பு?" ஒன்று இரண்டு என்றால் ஸ்டென்ட், மூன்றுக்கு மேல் போனால் பைபாஸ், தொண்ணூறு சதவீதம் என்றால் சென்னிமலை முருகன் காப்பாற்றினான். இந்த வாய்பாடு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "அடைப்பே இல்லைங்க, ரத்தக் குழாயெல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்று சொன்னால் வந்தவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். அடைப்பு இல்லாதவருக்கு எதற்கு நெஞ்சில் மெஷின்? "உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்" என்று பெரியப்பா ஒருவர் காப்பியைக் குடித்தபடியே தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அடைப்பு என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். "ஹார்ட் பிளாக் சார், கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள்" என்று மருத்துவமனையிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். அழைப்பு முடிவதற்குள் என் மூளை அதைத் தமிழில் மாற்றிவிட்டது: இதயத்தில் அடைப்பு. கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பதினோரு பேருக்கு அதைச் சொன்னேன். நான் பெருந்துறையைத் தாண்டுவதற்குள் சித்தி அம்மாவை அழைத்து, நாற்பது வருடமாகத் தேங்காயும் கடலையெண்ணெயும் ஊற்றிச் சமைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று விளக்கிவிட்டிருந்தார். மருத்துவமனை வராந்தாவில் அம்மா அழுதுகொண்டிருந்தது அப்பாவின் நிலையை நினைத்து என்று எண்ணினேன். "நானே கொன்றிருப்பேன் கண்ணு" என்று சொன்னபோதுதான் புரிந்தது. ஒரு தவறான மொழிபெயர்ப்பு ஒரு மனுஷியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. அந்த இரவு என்னை விட்டுப் போகவில்லை. இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

அப்பா சென்னிமலையில் கைத்தறி நெசவாளர். எழுபத்தொரு வயது. பெட்ஷீட் நெய்து நெய்து கால் இரண்டும் தாமாகவே மிதிக்கும், தூக்கத்தில்கூட. நான்கு மாதமாகவே அவரிடம் ஏதோ சரியில்லாமல் இருந்தது. தறியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு அச்சின் மேல் தலையைச் சாய்த்துக்கொள்வார். கிருத்திகைக்கு மலைக்குப் படியேறிப் போகிற வழக்கத்தை, முழங்கால் வலி என்று சொல்லி நிறுத்திவிட்டார். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் படிகளில் முதல் இருபதிலேயே மூச்சு வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. உள்ளூரில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். தலைசுற்றல் காதிலிருந்து வருகிறது என்று மூன்று வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். அம்மா மட்டும் வேறொன்றைக் கவனித்திருந்தார். சாப்பிட உட்காரும்போது அப்பாவின் கழுத்து நரம்பு திடீரென்று எகிறுகிறது, பிறகு அடங்குகிறது, மறுபடியும் எகிறுகிறது, அதற்கு ஒரு கணக்கே இல்லை என்றார். "வயதானால் நரம்பு வெளியே தெரியத்தான் செய்யும்" என்று நான்தான் பதில் சொன்னேன். எங்கள் தாத்தா காலத்து வைத்தியர் வாயைத் திறப்பதற்கு முன்பே மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். அந்த மூன்று வாரத்தில் யாராவது ஒருவர், நானே கூட, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் போதும். 34 என்று வந்திருக்கும்.

ஒரு நாள் மதியம் தறியிலேயே சாய்ந்து விழுந்தார். சில நொடிகள்தான். கண் விழித்ததும், பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூலில், எத்தனை இழை அறுந்தது என்றுதான் முதலில் கேட்டாராம்.

பென்சில் கோடுகள்

இரவு இரண்டு மணி இருக்கும். கழுத்து வழியாக ஒரு தற்காலிக வயரைச் செலுத்தி அப்பாவின் துடிப்பை நிலைப்படுத்திவிட்டு, பணியிலிருந்த இளம் மருத்துவர் வெளியே வந்தார். நான் தயாராக இருந்தேன். "எத்தனை பிளாக் டாக்டர்? எத்தனை சதவீதம்?" அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அந்தக் கேள்வி அன்றைக்கு எத்தனையாவது தடவை அவர் காதில் விழுந்ததோ. பிறகு எதுவும் சொல்லாமல் மேசையிலிருந்து இரண்டு இசிஜி தாள்களையும் ஒரு பென்சிலையும் எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய வார்டுகளில் மருத்துவர்கள் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

முதலில் உயரமான கூர்முனைகளைக் காட்டினார். ஒவ்வொன்றும் இதயத்தின் கீழறைகள் சுருங்குவதற்கான மின் அலை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது பெரிய கட்டங்கள். ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி என்றால், நிமிடத்துக்கு 34. பிறகு அந்தக் கூர்முனைகளுக்கு நடுவே, கோட்டின் மேல் எறும்பு ஊர்ந்து போனதுபோல் சின்னச் சின்ன மேடுகளைக் காட்டினார். அவை மேலறைகளின் அலைகள். ஒரு துண்டுக் காகிதத்தின் ஓரத்தை இரண்டு மேடுகளுக்கு நேராக வைத்துப் பென்சிலால் இரண்டு புள்ளி குறித்தார். அந்தக் காகிதத்தை அப்படியே நகர்த்தி நகர்த்தி வைத்தார். ஒவ்வொரு முறையும் புள்ளிக்கு நேரே ஒரு மேடு இருந்தது. ஓரிடத்தில் மேடு இல்லை என்று நினைத்தேன். அவர் கூர்முனையின் இடுப்பைச் சுட்டிக் காட்டினார். அங்கே ஒரு சின்ன வீக்கம், உள்ளே ஒளிந்திருந்தது. மேலறைகள் நிமிடத்துக்கு 78 தடவை, கொஞ்சமும் பிசகாமல். கீழறைகள் 34 தடவை, அதுவும் பிசகாமல். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இது உங்கள் அப்பா வந்து சேர்ந்தவுடன் எடுத்தது" என்று இன்னொரு தாளை வைத்தார். காரிலிருந்து இறங்கி, வேண்டாம் என்றாலும் கேட்காமல், அப்பா நடந்தே உள்ளே வந்திருக்கிறார். அந்தத் தாளில் மேடுகள் நெருக்கமாக இருந்தன. நிமிடத்துக்கு 110. கூர்முனைகள் அப்போதும் அதே 34. உடம்பு நடக்கிறது, ரத்தம் அதிகம் தேவை என்று மேலே தகவல் வந்துவிட்டது. மேலே இருந்தவன் வேகத்தைக் கூட்டிவிட்டான். அந்தச் செய்தி கீழே போய்ச் சேரவேயில்லை. கீழே இருப்பவன் தனக்குத் தெரிந்த ஒரே வேகத்தில் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறான்.

"உங்கள் அப்பாவின் இதயத் தசை நன்றாக இருக்கிறது. வால்வு நன்றாக இருக்கிறது. நாளைக்கு ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்போம், குழாயும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிளாக் இருப்பது வயரிங்கில். குழாயில் அல்ல." எழுந்து போகும்போது அந்தப் பென்சிலை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். நான் மீதியிருந்த தாளில் புள்ளி குறித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் முதலில் அம்மாவிடம் போய், "கடலையெண்ணெய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை. இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

உப்புத் தண்ணீரில் ஓடுகிற மின்சாரம்

வயரிங் என்றதும் எனக்கு வந்த படம் சுவரில் பதித்த செம்புக் கம்பிதான். அதுவும் தவறான படம் என்று பின்னால் படிக்கும்போதுதான் தெரிந்தது. இதயத்தில் ஓடுவது கம்பிக்குள் பாய்கிற மின்சாரம் போன்றதில்லை. ஒவ்வொரு தசைச் செல்லும் தன் உட்புறத்தை வெளிப்புறத்தைவிட எதிர்மின் நிலையில் வைத்துக் காத்திருக்கிறது. வித்தியாசம் சுமார் 90 மில்லிவோல்ட், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரியில் பதினாறில் ஒரு பங்குகூட வராது. பக்கத்துச் செல் தட்டியதும் இதன் சுவரில் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, நிலை தலைகீழாகிறது, அது அடுத்த செல்லைத் தட்டுகிறது. பந்தியில் இலை கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள்வரை போவதுபோல அந்த அலை செல் செல்லாகப் பரவுகிறது. அலை வந்து போன இடத்தில் கால்சியம் உள்ளே வருகிறது. அந்தக் கால்சியம்தான் தசையைச் சுருங்க வைக்கிறது. சுருங்கினால் அழுத்தம், அழுத்தம் வந்தால் வால்வு திறக்கும், வால்வு திறந்தால் ரத்தம் ஓடும். வால்வுகளை நாம் பெரிதாகப் பேசுகிறோம். பாவம், அவை தாமாக எதுவும் செய்வதில்லை. காற்றடித்தால் திறந்து, நின்றால் சாத்திக்கொள்கிற கதவுகள்தான்.

அப்பாவின் கட்டிலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த பாட்டிலில் ஆர்.எல். என்று எழுதியிருந்தது. ரிங்கர் லாக்டேட். அந்த ரிங்கர் லண்டனில் இருந்த மருத்துவர் சிட்னி ரிங்கர். 1880-களின் தொடக்கத்தில் தவளை இதயத்தை வெளியே எடுத்து உப்புத் தண்ணீரில் வைத்துத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். வெறும் உப்புத் தண்ணீரே போதும், இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று கட்டுரையும் வெளியிட்டுவிட்டார். பிறகு பார்த்தால், அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் கலந்ததே இல்லை. லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்தது. வடித்த நீரில் கலந்து கொடுத்தால் இதயம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான், அதாவது கால்சியம்தான், அத்தனை நாளும் துடிக்க வைத்திருக்கிறது. 1883-இல் தன் தவற்றை அவரே எழுதித் திருத்தினார். பதினோரு பேருக்குத் தவறாகச் செய்தி சொன்னவனுக்கு இந்தக் கதை கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முதல் தட்டலைத் தட்டுகிறவன் யார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. வலது மேலறையின் உச்சியில், உடம்பின் மேல்பகுதி ரத்தத்தைக் கொண்டுவருகிற மேற்பெருஞ்சிரை வந்து சேருமிடத்தில், ஒரு சின்னச் செல் கூட்டம் இருக்கிறது. சைனஸ் கணு என்று பெயர். 1906 கோடையில் இங்கிலாந்தின் கென்ட் கிராமப்புறத்தில் ஆர்தர் கீத் என்ற உடற்கூறியல் அறிஞரின் வீட்டில், மார்ட்டின் ஃபிளாக் என்ற மாணவர் ஓர் அகழெலியின் இதயத்தைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அகப்பட்டது. அடுத்த வருடம் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். அந்தச் செல்களுக்கு யாரும் தட்ட வேண்டியதில்லை. அவை ஓய்விலும் மெல்ல ஒழுகுகின்றன. ஒழுகி ஒழுகி ஒரு மட்டத்தைத் தொட்டதும் தாமே பொங்குகின்றன. மறுபடியும் ஒழுகத் தொடங்குகின்றன. 1979-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்த ஒழுக்கை அளந்தவர்கள், மற்ற மின்னோட்டங்களின் குணம் இதற்கு இல்லையே என்று 'வேடிக்கை மின்னோட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நரம்புகள் இந்த ஒழுக்கின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தொடங்கி வைப்பதும் நிறுத்துவதும் அவற்றின் கையில் இல்லை. நரம்பெல்லாம் அறுபட்டு வேறொருவர் நெஞ்சில் பொருத்தப்பட்ட இதயமும் தானாகவே துடிக்கிறது. அதுவும் நிமிடத்துக்கு நூறை ஒட்டி, வழக்கத்தைவிட வேகமாக, ஏனென்றால் கடிவாளம் பிடிக்கிற நரம்பு அங்கே இல்லை.

ஒரே ஒரு வழி

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டிவைத்தது இன்னொரு விஷயம். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே நார்த்திசுவால் ஆன ஒரு தடுப்பு இருக்கிறது. வால்வுகள் அதில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. அதன் வழியாக மின் அலை போகாது. மேலே முழுக்கப் பரவிய அலை அந்தத் தடுப்பில் மோதி நிற்கும். கீழே போக ஒரே ஒரு வழிதான், ஏ.வி. கணு என்ற செல் கூட்டமும் அதிலிருந்து இறங்குகிற ஹிஸ் கற்றை என்ற இழைக்கட்டும். வில்ஹெல்ம் ஹிஸ் அந்தக் கற்றையை 1893-இல் விவரித்தார். அதன் தலைப்பில் இருக்கிற கணுவைக் கண்டு, கீழே கிளை பிரிந்து புர்கின்ஜே இழைகள்வரை தொடர்ச்சியாக ஒரே பாதை என்று 1906-இல் காட்டியவர் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா. புர்கின்ஜே என்ற விஞ்ஞானி அந்த இழைகளை ஆட்டு இதயத்தில் பார்த்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவை எதற்கு என்று அதுவரை யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

அந்த ஒரே வழியில் அலை ஓடுவதில்லை, நடக்கிறது. மேலறைத் தசையில் வினாடிக்கு ஒரு மீட்டரை ஒட்டிய வேகத்தில் வந்த அலை, ஏ.வி. கணுவுக்குள் நுழைந்ததும் வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் என்ற அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி அங்கேயே கழிகிறது. வெளியே வந்து புர்கின்ஜே இழைகளைத் தொட்டதும் வினாடிக்கு இரண்டு முதல் நான்கு மீட்டர் வேகத்தில் பாய்ந்து, இரண்டு கீழறைகளையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுருங்க வைக்கிறது. நடுவில் எதற்கு இந்தத் தாமதம்? மேலறைகள் தங்கள் கையிலிருக்கும் கடைசிப் பங்கு ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க வேண்டும் என்பதற்காக. கீழறை நிறைவதில் பெரும்பங்கு சும்மா இருக்கும்போதே, மேலறை சுருங்காமலே, வழிந்து நிறைந்துவிடும். கடைசி ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மேலறை அழுத்தி அனுப்புகிறது. அது வந்து சேருவதற்குள் கீழறை அவசரப்பட்டுச் சுருங்கினால் இடையிலிருக்கும் வால்வு சாத்திக்கொள்ளும். மேலறை மூடிய கதவின் மேல் ரத்தத்தை அடிக்கும். ரத்தம் வந்த வழியே திரும்பிக் கழுத்துச் சிரைக்கு ஏறும்.

இதைப் படித்த இரவு நான் எழுந்து போய் அம்மாவை எழுப்பினேன். நீங்கள் பார்த்தது சரிதான் என்றேன். அப்பாவின் மேலறை 78, கீழறை 34. இரண்டும் தனித்தனிக் கணக்கில் ஓடும்போது, அவ்வப்போது இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கிவிடும். அப்போதெல்லாம் கழுத்து எகிறும். எப்போது எகிறும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. மூன்று வாரம் காதுக்கு மாத்திரை சாப்பிட்ட காலத்திலேயே சரியான நோயின் சரியான அடையாளத்தை ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். நான்தான் வாயை மூடச் சொன்னேன்.

இந்த ஒரே வழி எவ்வளவு மெல்லியது என்பதை உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. 1950-களின் நடுவில் அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லெஹை என்ற அறுவை மருத்துவர், பிறவியிலேயே கீழறைகளுக்கு இடையில் ஓட்டையுடன் பிறந்த குழந்தைகளுக்கு இதயத்தைத் திறந்து தைக்கத் தொடங்கினார். ஹிஸ் கற்றை அந்த ஓட்டையின் ஓரமாகத்தான் இறங்குகிறது. கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஒரு தையல் அதன் மேல் விழுந்தால் போதும், ஓட்டை அடைபட்டிருக்கும், குழந்தைக்கு ஹார்ட் பிளாக் வந்திருக்கும். இதயத் தசையில் ஒரு கம்பியைத் தைத்து வெளியிலிருந்து மின் துடிப்பு கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த இயந்திரம் சுவர் பிளக்கில் ஓடியது. 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸ் நகரில் மின்வெட்டு. அதற்குப் பிறகுதான் லில்லெஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் எர்ல் பாக்கனிடம் பேட்டரியில் ஓடுகிற ஒன்று வேண்டும் என்றார். பாக்கன் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்திருந்த மெட்ரோனோம் சர்க்யூட்டைத் தேடி எடுத்தார். பாட்டு வகுப்பில் தாளம் தப்பாமல் இருக்க டக் டக் என்று தட்டுகிற கருவி. நான்கு வாரத்தில், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி தயாராகிவிட்டது.

அடுத்த வருடம் அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவரின் உடம்புக்குள்ளேயே ஒன்றை வைத்தார்கள். எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்தது. சில மணி நேரத்தில் நின்றுபோனது. இரண்டாவதை வைத்தார்கள். அவருக்கு வாழ்நாளில் இருபதுக்கும் மேல் மாற்றினார்கள். செய்தவரையும் வைத்த மருத்துவரையும்விட அதிக நாள் வாழ்ந்து, 2001-இல் தம் எண்பத்தாறாவது வயதில், இதயத்துக்குச் சம்பந்தமில்லாத புற்றுநோயால் இறந்தார். அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. பார்க்க வருகிறவர்களிடம் லார்சனைப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசுவார்.

ஒரு வயரா, இரண்டு வயரா

ஆஞ்சியோ முடிந்தது, குழாய்கள் சுத்தம். மூத்த மருத்துவர் எங்களிடம் ஒரு முடிவு கேட்டார். கீழறையில் மட்டும் ஒரு வயர் வைக்கலாம். அல்லது மேலறையில் ஒன்றும் கீழறையில் ஒன்றுமாக இரண்டு வைக்கலாம். இரண்டாவதற்குச் செலவு அதிகம். மாமா பையிலிருந்து பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். "துடிப்புக் குறைந்துவிட்டது, கூட்ட வேண்டும். அவ்வளவுதானே? அதற்கு ஒரு வயர் போதாதா?" கேள்வி முட்டாள்தனமானது இல்லை. முந்தின நாள் இரவு பென்சில் பிடிக்காமல் இருந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

மருத்துவர் நேர்மையாகப் பேசினார். எழுபது வயதைத் தாண்டிய இரண்டாயிரம் பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2005-இல் முடிவு வந்தது, ஒரு வயர் வைத்தவர்கள் சீக்கிரம் இறந்துபோகவில்லை, இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். மாமா வெற்றியுடன் என்னைப் பார்த்தார். ஆனால் ஒரு வயர் என்றால், நிமிடத்துக்கு 70 என்று கணக்கு மட்டும் சரியாகும், மேலே நடப்பது கீழே தெரியாமலேதான் இருக்கும். அதனால் சிலருக்குக் களைப்பும் கழுத்து அடிப்பும் தலைச்சுற்றலும் தொடரும் என்றார். மேலே ஒரு வயர் இருந்தால், அப்பாவின் சொந்த சைனஸ் கணு தட்டுவதை அது கேட்கும். அது நன்றாகத்தானே இருக்கிறது. கேட்டதும் கொஞ்சம் பொறுத்துக் கீழே தட்டும். அவர் மலையேறினால் கணு வேகமெடுக்கும், கீழறையும் கூடவே வேகமெடுக்கும்.

"எத்தனை நாள் இருப்பேன் என்பதை விடுங்கள்" என்றார் அப்பா. அதுவரை வாயே திறக்காதவர். "படி ஏற முடியுமா?" ஏறலாம் என்றார் மருத்துவர். இரண்டு வயர் என்று முடிவாயிற்று. மாமா பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அவர்தான் மறுநாள் பணத்தில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பிறகு மூன்றாம் நாள் கருவியைச் சரிபார்க்க ஒரு இளைஞர் மடிக்கணினி போன்ற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தையலுக்கு மேல், கம்பிவடம் பொருத்திய ஒரு வட்டை வைத்தார். திரையில் மேடும் கூர்முனையும் ஓடின. இப்போது ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் ஒரு கூர்முனை, ஒரே இடைவெளியில். திரையில் ஒரு எண்ணைத் தொட்டு, 150 மில்லிவினாடி வைத்திருக்கிறேன் என்றார். அது என்ன என்று அப்பா கேட்டார். மேலே தட்டியது கேட்டதும் கீழே தட்டாமல் மெஷின் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்கிற அளவு ஐயா, என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த இளைஞரிடம் தறியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மிதியை மிதித்ததும் பாவு பிரிந்து வாய் திறக்கும். முழுக்கத் திறக்கும்வரை கை கயிற்றை இழுக்கக் கூடாது. முன்னாலேயே இழுத்தால், குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா பாவில் சிக்கிப் பத்திருபது இழையை அறுத்துவிடும். ரொம்பத் தாமதித்தால் துணி ஏறாது, கூலி விழாது. புதிதாகத் தறிக்கு வருகிற பையன்களுக்கு மிதிக்கவும் இழுக்கவும் ஒரே நாளில் வந்துவிடும், அந்த நடுவிலிருக்கிற பொறுமை வருவதற்குத்தான் ஒரு வருடம் ஆகும். "அதை நீங்கள் எண் போட்டே வைத்துவிட்டீர்கள்" என்றார். அந்த இளைஞருக்குத் தறி தெரியாது. ஆனாலும் மரியாதையாகத் தலையசைத்தார்.

ஒரு மாதம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றதால் தறி சும்மா கிடந்தது. அதன் பிறகு அப்பா தினம் இரண்டு மணி நேரம் உட்காருகிறார். தைக் கிருத்திகைக்குப் படியேறினார். நான்கு இடத்தில் உட்கார்ந்தார். அது முழங்காலுக்காக. மூன்றாம் மண்டபத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், 104 இருந்தது. விட்டுவிட்டு இன்னொரு நிமிடம் எண்ணினேன்.

பெரியப்பா போன வாரம் மறுபடி வந்திருந்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்ற கருத்தில் மாற்றமில்லை. அப்பா லார்சன் கதையைச் சொன்னார், பெரியப்பா அசரவில்லை. இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடியே, அப்பாவின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெரியப்பாவுக்கு ஊற்றப் போனார்.